ராத்திரி எட்டு மணிக்கு வரும் போன்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல வருடம் ஆசிரியையாக இருந்தேன். அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு ரிக் வண்டியும் தெரிந்திருக்கும். போர்வெல் போடும் அந்த வண்டிகள் அங்கிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் திரும்ப மாதக்கணக்காகும். "அப்பா எங்கே கண்ணு?" என்று கேட்டால், வகுப்பில் பல பிள்ளைகள் சொல்வது ஒரே பதில்தான்: "வண்டிக்குப் போயிருக்காருங்க டீச்சர்."

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், குரல் வராது. எழுத்து தெரியாமல் இல்லை, நோட்டில் அழகாக எழுதுவாள். ஒரு மழைக்காலத்தில் திடீரென்று வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தாள். தடுமாறினாலும் நிற்கவில்லை, மறுபடி முதலிலிருந்து வந்தாள். அவள் அம்மாவிடம் கேட்டேன். "அவங்கப்பா வந்திருக்காருங்க. தினமும் சாயங்காலம் திண்ணையில உக்காந்து, பேப்பர் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு இருப்பாருங்க" என்றார்.

அவருக்கு வாசிப்பு அவ்வளவாக வராது. அதனால் மகள் திணறும்போது திருத்தவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தார். நான் படித்தவள், பயிற்சி பெற்றவள். ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்திக்காக அவ்வளவு நேரம் காத்திருக்க என்னால் முடிந்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் காத்திருப்புதான். "நான் தடுமாறினாலும் அப்பா எழுந்து போகமாட்டார்" என்கிற தெம்பு, அப்புறம் வகுப்பிலும் அவளோடு வந்துவிட்டது.

பிள்ளை வளர்ப்பில் அம்மாவுக்கு அடுத்துத்தான் அப்பா என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். 1970களில் மைக்கேல் லாம் என்ற உளவியலாளர், ஏழு எட்டு மாதக் குழந்தைகளை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனித்தார். அந்த வயதிலேயே குழந்தை அம்மா, அப்பா இருவரிடமும் ஒட்டுதலாக இருப்பதைக் கண்டார். அம்மா தூக்குவது பெரும்பாலும் குளிப்பாட்ட, துடைத்துவிட. அப்பா தூக்குவது பெரும்பாலும் விளையாட. தூக்கிப் போட்டுப் பிடிக்கிற அப்பாவின் கை நம் வீடுகளிலும் உள்ளதுதானே.

பிலிப்பைன்ஸில் சிபு என்ற இடத்தில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில வருடம் தொடர்ந்து ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அப்பாவான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. அதிலும் தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, குழந்தையைக் கவனிக்காத அப்பாக்களைவிடக் குறைவு. ஆணின் உடம்பும் பிள்ளைக்காக மாறுகிறது. "அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனம் விட்டுச் சொல்கிறேன். "அப்பா வரட்டும், சொல்லித் தரேன்" என்று நாம்தான் பிள்ளைகளை மிரட்டுகிறோம். அம்மாக்களும் சொல்கிறோம், பாட்டிகளும் சொல்கிறோம், ஆசிரியர்களும் சொல்கிறோம். பகல் முழுக்க ஓடி ஆடிய பிள்ளை, வாசலில் பைக் சத்தம் கேட்டதும் சுருண்டு போகிறது. உழைத்துக் களைத்து வருகிற அந்த மனிதருக்கு இப்படி ஒரு வேஷம் எதற்கு?

அப்பாவுக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சரிதான், நியாயமான கேள்வி. மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு, அதுவும் இரண்டு குழந்தைகள் வரைதான். தனியார் வேலையில் இருப்பவருக்கு அப்படித் தரவேண்டும் என்று சட்டமே இல்லை. ரிக் வண்டியில் போகிறவருக்கு யார் தருவார்கள்? இது மாற வேண்டும். அதுவரை இருக்கிற நேரத்தில்தான் பிழைக்க வேண்டும். தலை பின்னிவிடத் தெரியாவிட்டால் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடலாம். சாப்பிடும்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டு வரலாம். அப்பா இல்லாத பிள்ளைக்குத் தாத்தாவோ தாய்மாமனோ இதையெல்லாம் செய்து, அந்தப் பிள்ளை நிமிர்ந்து நடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மழை நின்றதும் அந்த மூன்றாம் வகுப்புக் குழந்தையின் அப்பா வண்டிக்குத் திரும்பிவிட்டார். குரல் மறுபடி அடங்கிவிடுமோ என்று பயந்தேன். அடங்கவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்வாராம். இவள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பாள். போனின் மறுமுனையில் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருக்கும். "சத்தமா படி சாமி, கேக்கல" என்பாராம். அவளும் கத்திப் படிப்பாளாம்.

அடுத்த முறை ஊருக்கு வந்தவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பள்ளிக்கு வந்தார். சட்டையெல்லாம் சேறு. உள்ளே வரத் தயங்கி வேப்ப மரத்தடியில் நின்றார். அவள் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்கப்பாவுக்கு நாந்தான் படிச்சுக் காட்டுவேன்!"

நன்றி, வணக்கம்.