பன்னிரண்டு படிகளில் இயேசுவின் பெயர் ஏன் இல்லை? போதகர் சூமேக்கர் குறித்த ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

அன்பானவர்களுக்கு வணக்கம். குடிநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றிச் சென்ற மாதம் பேசியபோது, சாமுவேல் சூமேக்கர் என்ற போதகரை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். அந்தக் கஞ்சத்தனத்துக்குத் தண்டனையாக வந்த கேள்வி பத்து நாட்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. கேட்டவர் ஒரு சகோதரி. அவருடைய கணவர் ஏழு மாதங்களாக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு, அதாவது குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, பன்னிரண்டு படிகள் என்ற வழிமுறையைப் பின்பற்றும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறார், அந்த ஏழு மாதமும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. சபையில் சிலரோ, "அந்தப் பன்னிரண்டு படிகளில் இயேசுவின் பெயரே கிடையாது, அது நமக்குரிய வழி அல்ல" என்று அவரைக் குழப்புகிறார்கள். "ஐயா, அதற்குப் பின்னால் ஒரு போதகர் இருந்தார் என்றீர்களே, அவர் ஏன் தம் ஆண்டவருடைய பெயரை அதில் எழுதவில்லை?" என்கிறார் சகோதரி.

நேரான பதில், அந்தப் படிகளை அவர் எழுதவே இல்லை என்பதுதான். எழுதியவர் ஏ.ஏ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன். அவை ஏ.ஏ.யின் நூலில் அச்சேறிய ஆண்டு 1939. முதலில் சூமேக்கரைத்தான் எழுதச் சொன்னார்கள் என்றும், குடியில் கிடந்து எழுந்தவன்தான் அதை எழுத வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் அவருக்கு நெருக்கமானவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால், "ஏன் எழுதவில்லை" என்பதைவிட, "எழுதாமல் இருக்க அவர் எப்படிக் கற்றுக்கொண்டார்" என்று சகோதரி கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. அந்தக் கேள்விக்கே பதில் சொல்லப் போகிறேன்.

சூமேக்கர் 1893இல் பால்டிமோரில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் படித்துவிட்டுச் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங்கில் இளைஞர்களுக்கு அவர் நடத்திய வேத வகுப்பில் வாரத்துக்கு வாரம் ஆள் குறைந்துகொண்டே வந்தது. 1918 ஜனவரியில் பிராங்க் புக்மன் என்ற போதகரிடம் அவர் இதைச் சொல்லிப் புலம்ப, புக்மனோ, தடை அந்த இளைஞர்களிடமா அல்லது உன்னிடமா என்ற பொருளில் திருப்பிக் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அந்தக் கேள்வி தைத்துவிட்டது. தம்மை ஒப்புக்கொடுத்து ஜெபித்த பிறகு அவர் ஓர் இளைஞரைத் தேடிப் போய், உபதேசம் எதுவும் செய்யாமல், தமக்கு நேர்ந்ததை மட்டும் சொன்னார். நம் பழைய உரைகளைக் கேட்டவர்கள் இப்போது சிரிப்பீர்கள், ஏனென்றால் நான் எப்போதும் சொல்வதுதான் இது: அறிவுரை கேட்டவன் தலையாட்டுவான், சாட்சி கேட்டவன் வாய் திறப்பான்.

1925இல் அவர் நியூயார்க்கின் கால்வரி ஆலயத்துக்குப் போதகரானார். அந்த ஆலயத்தின் பொறுப்பில் கிழக்கு 23ஆம் தெருவில் இயங்கிய கால்வரி மிஷன், வீடு வாசலை இழந்த குடிகாரர்களுக்குச் சோறும் படுக்கையும் ஜெபமும் கொடுத்தது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே தங்கியிருந்த எப்பி தாட்சர் என்ற பழைய நண்பரைத் தேடி பில் வில்சன் வந்தார். வழியெல்லாம் மதுக்கடைகளில் நின்று நின்று குடித்தபடி, பின்லாந்துக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, முழுப் போதையில் வந்து சேர்ந்தார். எப்பி அவருக்கு முதலில் கொடுத்தது ஒரு தட்டு பீன்ஸும் காப்பியும். அதன் பிறகுதான் சாட்சி சொல்லும் கூட்டம். வில்சனும் எழுந்து முன்னே போய் ஏதோ பேசினார். சில நாட்களில், டிசம்பர் 11 அன்று, குடிநோய்க்குச் சிகிச்சை தந்த மருத்துவர் சில்க்வொர்த் பணிபுரிந்த டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். 1971இல் இறக்கும் வரை மறுபடி குடிக்கவில்லை.

இந்த வரிசையைக் கவனியுங்கள்: சாப்பாடு, சாட்சி, மருத்துவமனை. நான் இளம் போதகனாக இருந்தபோது மூன்றாவதை விட்டுவிட்டேன். தினமும் குடிக்கிற கொத்தனார் ஒருவரோடு ஜெபித்து, "இன்றோடு நிறுத்திவிடுங்கள்" என்றேன். அவரும் நிறுத்தினார். மூன்றாம் நாள் விடியற்காலை அவருடைய மனைவி என் வீட்டுக் கதவைத் தட்டினார். கணவருக்கு வலிப்பு வந்திருந்தது, இல்லாத எறும்புகளைப் பாயிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதை அன்றுதான் படித்தேன். அவர் பிழைத்துக்கொண்டார், என்னையும் மன்னித்தார்.

சூமேக்கரும் தவறினார். தொடக்க காலத்தில் குடிகாரர்கள் சிலர் ஆலயத்துக்கு அருகில் தங்கவைக்கப்பட்டிருந்தபோது, அவர்களில் ஒருவன் எரிச்சலில் தன் காலணியைக் கழற்றி எறிய, அது ஆலயத்தின் அழகான வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தது. (சூமேக்கர் என்றால் காலணி தைப்பவர் என்று பொருள், அந்த ஆலயத்துக்கு ஏற்ற காணிக்கைதான்.) கண்ணாடியை மாற்றிவிடலாம், ஆனால் வில்சன் குடிநோயாளிகளைத் தனியே தம் வீட்டில் கூட்டத் தொடங்கியபோது ஆலயத்தாரோடு உண்டான உரசல் எளிதில் மாறவில்லை. புக்மன் நடத்திய ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடுதான் அப்போது கால்வரி ஆலயம் இணைந்திருந்தது. 1935இல் மிஷனில் தங்கியிருந்தவர்கள் வில்சன் வீட்டுக் கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று தடை வந்தது. 1937இல் நியூயார்க் குடிநோயாளிகள் ஆக்ஸ்போர்டு குழுவிலிருந்து பிரிந்தார்கள். சூமேக்கரே 1941இல் புக்மனை விட்டு விலகினார்.

பின்னாளில் அவர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தூண்டுதல் எங்களிடமிருந்து வந்தது, ஊக்கமோ அதிகம் வரவில்லை என்று ஒப்புக்கொண்டு, உங்களைப் போன்றவர்களில் ஆவியானவர் செயல்படும் விதத்தை அடக்கியாள நினைத்த மூடத்தனத்தில் தமக்கிருந்த பங்குக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். இப்படி எழுதக்கூடிய போதகர்களை நான் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடுவேன். 1955இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஏ.ஏ.யின் இருபதாம் ஆண்டு மாநாடு நடந்தபோது, மேடையில் பேச அழைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 1963இல் காலமானார்.

இனி, பெயருக்கு வருகிறேன். படிகளில் உள்ள சொற்றொடர், "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்பது. கடவுள் நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் வற்புறுத்தியதால் அது வந்தது. ஏழாம் படியில் முதலில் இருந்த "முழங்காலில் நின்று" என்ற சொற்களும் அப்படியே நீக்கப்பட்டன. இதைக் கேட்டு நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் சூமேக்கரின் போதனையே, உன்னைப் பற்றி நீ அறிந்த அளவு உன்னை, கடவுளைப் பற்றி நீ அறிந்த அளவுக்கு ஒப்புக்கொடு, அங்கிருந்து தொடங்கு என்பதாகவே இருந்தது. குற்றங்களை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளும் ஐந்தாம் படியோ யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்துக்கு நெருங்கிய உறவு. ஏ.ஏ. தொடங்கிய அக்ரன் நகரின் ஆரம்பகால உறுப்பினர்கள் அந்த நிருபத்தை விரும்பிப் படித்தார்கள்.

சகோதரி, உங்கள் கணவர் கூட்டத்துக்கும் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வரட்டும். ஏ.ஏ.யில் எல்லோரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. அவரைக் குழப்புகிறவர்களில் ஒருவரை அப்படியொரு கூட்டத்துக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.