சானல்கரை ஓட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 47. பந்தயத்தில் ஓடி ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. பத்து வருடமாகக் காலையில் ஓடுகிறேன், அந்த ஒரு தகுதியில்தான் இந்த மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் ஆறு மாதம் மெயின் ரோட்டில் ஓடினேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரோடு உங்களுக்குத் தெரியும். ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், ஒரு வளைவு. வளைவைத் தாண்டினால் எதிரே ஒரு பஸ். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, இறக்கத்தில் முட்டி வலித்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வாசல் தெளித்துக்கொண்டே, "எதுக்கு பிள்ள ரோட்டுல சாவுத, சானல்கரையில ஓடலாம்லா?" என்றார். என் ஓட்டத்துக்குக் கிடைத்த ஒரே பயிற்சியாளர் அவர்தான்.

சானல் என்றால் என்னவென்று வெளியூர் நேயர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் கால்வாய்களைத்தான் இங்கே சானல் என்கிறோம். தோவாளைச் சானல், அனந்தனார் சானல், புத்தனார் சானல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஓடுகிறவருக்கு இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. மனிதன் மேடு ஏறுவான், ரோடும் ஏறும், தண்ணீர் ஏறாது. மலை குறுக்கே வந்தால் சானல் அதன் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்ந்துகொண்டே போகும். ஆகவே அதன் கரையில் ஓடினால், வேளிமலையோ தாடகைமலையோ கூடவே வரும், ஆனால் ஒரு மேடும் ஏற வேண்டியதில்லை. மலைநாட்டில் சமதரையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் அந்தக் காலத்து நீர்ப்பாசனப் பொறியாளர்கள். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய மிஞ்சின் என்ற பொறியாளரின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் ஓடப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவேன். முட்டியைக் காப்பாற்றியவர் ஆயிற்றே!

தண்ணீரின் இந்தப் பிடிவாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மாத்தூர் தொட்டிப்பாலம் போங்கள். பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் ஏற முடியாது. அதனால் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தொட்டி கட்டி, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 1966-இல் கட்டியது. அங்கே ஓட வேண்டாம். நடைபாதை ஒடுக்கம்; கூட்டமும் உண்டு.

பார்க்க அழகான ஓட்டம் வேண்டுமென்றால் என் கட்சி தேரூர்தான். கவிமணி 1876-இல் பிறந்த ஊர். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த பகுதிக்கு 2022-இல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற அங்கீகாரம், கிடைத்தது; நம் வேம்பனூருக்கும் அதே வருடம்தான். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய விஷயம். காலை ஐந்தே முக்காலுக்குக் குளத்தங்கரையில் நின்றால் முதலில் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நாமக்கோழி கெக்கெக்கென்று கத்தும். வெளிச்சம் வர வர, கரிய பாறை என்று நினைத்தது நீர்க்காகக் கூட்டமாக மாறும். தாமரை இலைமேல் ஒரு பறவை நீள விரல்களை அகட்டி வைத்து நடக்கும், இலை அமுங்காது. அந்தத் தாமரைக்கோழியைப் பார்த்துத்தான் காலை மெதுவாக ஊன்றப் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தொம் தொம் என்று மிதித்து ஓடினால் குளமே எழுந்து பறந்துவிடும், இது அனுபவம்.

குளத்தங்கரையில் ஒரு கவனம் வேண்டும். கரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். போகும்போது இடது கால் பள்ளத்தில் என்றால், அதே கரையில் திரும்பி வாருங்கள், வலது காலுக்கும் பங்கு கிடைக்கும். வட்டமாகவே சுற்றினால் ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கும்.

மேடு ஏறியே தீருவேன் என்கிறவர்களுக்குக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரப்பர் காட்டு வழி. விடிவதற்கு முன்னே மரங்களுக்கிடையில் சின்னச் சின்ன வெளிச்சம் நகரும். முதல் தடவை பயந்துவிட்டேன். பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டிய விளக்கு அது. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும், அதனால் அவர்கள் நமக்கு முன்பே எழுந்தவர்கள். ஒட்டுப்பால், அதாவது உறைந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் பால், அதன் நாற்றம் மூக்கில் ஏறும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். என் வீட்டுக்காரருக்கு இன்னும் பழகவில்லை, அவர் வருவதில்லை. தை, மாசியில் ரப்பர் இலை சிவந்து கொட்டும். பார்க்க அழகு, மிதித்தால் வழுக்கு. பனியில் நனைந்த இலைமேல் இறக்கத்தில் காலை வைத்து, மல்லாந்து விழுந்து, மூன்று வாரம் பெஞ்சில் சாய்ந்தபடி பாடம் நடத்தியவள் சொல்கிறேன், நம்புங்கள்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றம்தான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறோம். மூச்சுக்கு ஏற்றம் கஷ்டம், தசைக்கு இறக்கம் கஷ்டம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை இழுபட்டுக்கொண்டே பிரேக் பிடிக்கிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ மாடிப்படி இறங்கும்போது தெரியும். எட்டி வைக்காமல், சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பேச்சிப்பாறையைத் தாண்டி கோதையாறு பக்கம் தனியாக ஓடப் போக வேண்டாம். அது காடு. யானை நடமாடும் இடம். அங்கே நம் வேகம் ஒரு பொருட்டே அல்ல.

ஆரல்வாய்மொழி பக்கத்து நேயர்கள் கோபிக்கக் கூடாது, உங்கள் ஊரை ஆடி மாதத்தில் நான் தவிர்த்துவிடுவேன். கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஓடித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போங்கள், திரும்பும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால், களைத்த நேரத்தில் ஒருவர் நெஞ்சில் கைவைத்து நிறுத்துகிற மாதிரி இருக்கும்.

பெண்கள் கேட்பது பெரும்பாலும் வழியைப் பற்றி அல்ல, ஊர் என்ன சொல்லும் என்பதைத்தான். சொல்லத்தான் செய்யும். சானல்கரையில் தினமும் வயதான ஒரு பாட்டா மம்பட்டியோடு நிற்பார். முதல் வாரம் முழுக்க ஒரே கேள்வி: "எங்க மக்கா ஓடுத? பஸ்ஸ விட்டுட்டியா?" சிரித்துக்கொண்டே போய்விடுவேன். படித்துறையில் துணி துவைக்கிற அக்காமார்கள் ஒரு மாதம் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். துறையைக் கடக்கும்போது நானும் மரியாதைக்கு நடந்துதான் போவேன். அவர்கள் குளிக்கிற இடம் அது, என் மைதானம் அல்ல.

வழக்கமாக ஜூன் 1 அன்று அணை திறப்பார்கள், பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல் சாகுபடியும் அந்தக் கணக்கில்தான். இடையில் பங்குனி, சித்திரையில் சானல் காய்ந்து கிடக்கும். பிளாஸ்டிக் கவரும் பழைய செருப்பும் வெளியே தெரியும், ஓட மனசே வராது.

ஒரு ஜூன் மாதம் அப்படிக் காய்ந்த சானலோரம் ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே சரசரவென்று சத்தம். புதுத்தண்ணீரின் தலை வந்துகொண்டிருந்தது. நுரையும் சருகும் தேங்காய்த் தொண்டுமாக, பழுப்பு நிறத்தில், முழங்கால் உயரம்கூட இல்லை. முன்னால் நாலைந்து கொக்குகள் பின்வாங்கிப் பின்வாங்கிப் பூச்சி பொறுக்கின. திரும்பி அதோடு சேர்ந்து ஓடினேன். காய்ந்த தரை குடித்துக்கொண்டே இருந்ததால் அது மெதுவாகத்தான் வந்தது. கொஞ்ச தூரத்தில் அதை முந்திவிட்டேன்.

பாட்டா வழக்கமான இடத்தில் நின்றார். அன்றைக்கு பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

"தண்ணி எங்க வருது மக்கா?"

"ரெண்டு பாலத்துக்கு அந்தால வந்தாச்சு பாட்டா."

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைப் பார்க்க நடந்தார்.