எல்லா டி செல்களையும் எடுத்துவிட்டால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களைக் கொடையாளியிடமிருந்து பெற்றுச் செலுத்தும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில், அந்தக் கொடையாளியின் செல்களே நோயாளியின் உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. என்ற பாதிப்பையும், அதை முன்கூட்டியே தடுக்கும் வழிகளையும் பற்றி இன்று பேசுகிறேன்.

சிறுநீரக மாற்றில் நோயாளியின் உடல்தான் புதிய உறுப்பை எதிர்க்கும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. கொடையாளியிடமிருந்து ஸ்டெம் செல்களோடு சேர்ந்து வரும் முதிர்ந்த டி செல்கள் (நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்), தாங்கள் வந்து சேர்ந்த உடலையே அந்நியமாகக் கருதி, தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கத் தொடங்குகின்றன.

அப்படியென்றால் டி செல்களை முழுவதுமாக நீக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். 1980களில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. நன்றாகவே குறைந்தது. ஆனால் சிலருக்குப் புதிய மஜ்ஜை வேரூன்றவில்லை, கிருமித் தொற்றுகள் பெருகின, ரத்தப் புற்றுநோயும் பலருக்குத் திரும்பி வந்தது. எஞ்சியிருந்த புற்றுச் செல்களைத் தேடி அழித்து வந்தவையும் அதே டி செல்கள்தான் என்பது அப்போதுதான் அழுத்தமாக உறைத்தது. இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த பாடம் இதுதான்.

எனவே இப்போது எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதே கேள்வியாகிவிட்டது. ஒரு முறையில், கொடையாளியின் செல்கள் நிறைந்த பையில், மிக நுண்ணிய இரும்புத் துகள் பொருத்திய ஆன்டிபாடிகளை, அதாவது குறிப்பிட்ட செல்களை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்களைச் சேர்க்கிறார்கள். அவை ஜி.வி.எச்.டி.யை முக்கியமாக உண்டாக்கும் ஆல்ஃபா-பீட்டா வகை டி செல்களின் மீது மட்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தத் திரவத்தைக் காந்தத்துக்கு நடுவே உள்ள குழாயின் வழியாகச் செலுத்தும்போது, துகள் ஒட்டிய செல்கள் குழாயிலேயே தங்கிவிட, ஸ்டெம் செல்களும், தொற்றையும் புற்றையும் எதிர்க்கக்கூடிய காமா-டெல்டா என்ற வேறு வகை டி செல்களும், என்.கே. செல்கள் என்ற மற்றொரு வகை எதிர்ப்புச் செல்களும் மறுபக்கம் வந்து சேருகின்றன. ஆன்டிபாடிகளை உருவாக்கும் வெள்ளை அணுக்களான பி செல்களையும் இதே முறையில் சேர்த்தே நீக்குவது வழக்கம்.

இன்னொரு வழியில் பிரித்தெடுக்கும் வேலை நோயாளியின் உடலுக்குள்ளேயே நடக்கிறது. மாற்று முடிந்த 3ஆம், 4ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை, பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வீதம் கொடுக்கிறார்கள். புதிய உடலைக் கண்டு அந்த நேரத்தில் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் டி செல்களை அது அழிக்கிறது அல்லது முடக்குகிறது. ஸ்டெம் செல்களிடமோ அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி மிகுதியாக இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. திசு வகை பாதி மட்டுமே பொருந்தும் பெற்றோரையும் பிள்ளைகளையும் கொடையாளிகளாக ஏற்க இந்த மருந்து வழிவகுத்தது என்பதை நான் மிகப் பெரிய விஷயமாகவே கருதுகிறேன்.

இவற்றில் எந்த முறையும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. ஆகவே சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள், உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ சிவந்த தடிப்பு தோன்றினாலும், வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலும், கண்கள் மஞ்சளாகத் தெரிந்தாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.