குப்பை வாரியத்தின் சம்பளம்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நகரமன்றக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. நிகழ்ச்சி நிரலில் 7-ஆவது பொருள், துரித உணவுக் கடைகளால் தெருவில் சேரும் குப்பை. 11-ஆவது பொருள், உறுப்பினர்களின் படிகளைத் திருத்துவது. குப்பைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதம் நடந்தது. ஒருவர் படங்களைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் இளைஞர்களைக் கண்டித்தார். இன்னொருவர் கடைக்காரர்களைக் கண்டித்தார். 11-ஆவது பொருள் வந்தது. செயலாளர் வாசித்தார். "ஆட்சேபம் உண்டா?" என்று தலைவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபிறகும் அந்த இரண்டு எண்களும் என் மனதைவிட்டுப் போகவில்லை. இரண்டுமே பொதுப்பணம் பற்றிய பேச்சுதானே? அனுபவிக்கிறவர் ஒருவர், செலவைச் சுமக்கிறவர் வேறொருவர். தெருவில் அதைக் கண்டால் கோபம் வருகிறது. மன்றத்துக்குள் அதுவே நடந்தால் கை தூக்கிவிட்டுப் போய்விடுகிறோம். இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் தெருவுக்குப் போவோம். ஒருநாள் விடியற்காலை, ஒரு தூய்மைப் பணியாளர் அம்மாவோடு ஒரு மணி நேரம் நடந்தேன். கையில் நீண்ட இடுக்கி, இன்னொரு கையில் வளையம் போட்ட பை. பர்கர் அட்டைப்பெட்டியை இடுக்கி சுலபமாகப் பிடிக்கிறது. கப்பையும் பிடிக்கிறது, ஆனால் உள்ளே பாதி குளிர்பானம் மிச்சமிருந்தால் முதலில் அதைச் சாக்கடையில் கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் பை முழுக்க ஒழுகும். கப்பின் மூடி தனியாக உருண்டு எங்கேயோ போயிருக்கும். கை துடைத்த தாள் பனியில் நனைந்து தார் மேலே பசை மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். "சாஸ் பாக்கெட்தான் தம்பி" என்றார். இடுக்கிக்குச் சிக்காது. குனிந்து நகத்தால்தான் எடுக்க வேண்டும். மிதித்தால் பீய்ச்சியடிக்கும், எறும்பு மொய்த்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை குனிந்தார் என்று எண்ணத் தொடங்கி, எழுபதுக்கு மேல் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பெட்டியில் லாபம் பார்த்தது கடை. பசி தீர்ந்தது வாங்கியவருக்கு. அங்கே கடையையே எட்டிப்பார்க்காதவர்களும் சேர்ந்து கட்டிய வரியில், அந்த அம்மா குனிந்து எடுக்கிறார். இந்தக் கணக்கு நியாயமா என்று கேட்டு, அதற்குப் பதிலும் சொல்லிப் பார்த்த ஒரு ஊர் உண்டு.

ஜெர்மனியின் டூபிங்கன். சுமார் 90 ஆயிரம் பேர் வாழும் பல்கலைக்கழக நகரம். 2020 ஜனவரியில் அந்த நகரமன்றம் ஒரு வரி போடத் தீர்மானித்தது. கொரோனாவால் தள்ளிப்போய், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எடுத்துச் சென்று சாப்பிட விற்கும் உணவுக்கும் பானத்துக்கும், ஒருமுறை மட்டும் பயன்படும் பெட்டி அல்லது கப் ஒன்றுக்கு 50 சென்ட். கரண்டி, முள்கரண்டி வகைக்கு 20 சென்ட். வரியைக் கட்ட வேண்டியது விற்பவர். திருப்பி வாங்கிக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்தில் கொடுத்தால் வரி கிடையாது. அப்படிப் பாத்திரம் வாங்கும் கடைகளுக்கு நகரமே மானியமும் கொடுத்தது.

விட்டுவிடுவார்களா? மெக்டொனால்ட்ஸ் கிளையை நடத்துகிறவர் வழக்குப் போட்டார். ஒரு நகரமன்றத்துக்கு இப்படி வரி போட அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி. கேள்வி புதியதும் இல்லை. காஸல் என்ற நகரம் 1992-இல் இதே மாதிரி வரி போட்டு, 1998-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தோற்றிருந்தது. டூபிங்கனும் 2022-இல் மன்ஹைம் நீதிமன்றத்தில் தோற்றது. விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது. 2023 மே மாதம் லைப்சிக்கில் உள்ள நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரி பெரும்பாலும் செல்லும் என்றது. 2025 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றமும் கடைக்காரரின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. சூடாக வாங்கும் சாப்பாட்டை ஜனங்கள் பெரும்பாலும் அதே ஊரில்தான் சாப்பிடுகிறார்கள், ஆகவே இது உள்ளூர் நுகர்வு வரி என்பது வாதம். அதே மாதத்தில் கான்ஸ்டன்ஸ் நகரமும் இந்த வரியைத் தொடங்கியது.

இதில் ஒரு சங்கடமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரத்தின் தொட்டிக் குப்பையை எடைபோட்டுப் பார்த்தார்கள். எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. எதிர்த்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு தாள் கப்பின் எடை என்ன? பத்து கிராம் அளவு. தொட்டியை நிரப்புவது எடை இல்லை, இடம். நாலு பீட்சா பெட்டி போதும், வாய் அடைத்துவிடும். அடுத்தவர் கொண்டுவருவது தரையில்தான் விழும். என்னைக் கேட்டால், அந்த அம்மா குனியும் தடவைகளை எண்ணுவதுதான் சரியான அளவை.

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரமன்றம் 2006-லேயே துரித உணவுக் கடைகளிடமும் சிறு அங்காடிகளிடமும் குப்பைக் கட்டணம் வாங்கத் தீர்மானித்தது. கடையின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 230 டாலரிலிருந்து 3,815 டாலர் வரை. அந்தப் பணம் பொறுக்குகிறவர்களின் கூலிக்கு. இது எனக்குப் பிடித்த வழி. சிக்கலில்லாத வழியும்கூட.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே போடுகிறவரைப் பிடிப்பதுதான் வழக்கம். 2018 முதல், வண்டியிலிருந்து குப்பை விழுந்தால் வீசியது யாராக இருந்தாலும் வண்டியின் பொறுப்பாளரிடம் அபராதம் கேட்கலாம். 2023-இல் உடனடி அபராதத்தின் உச்சவரம்பை 150 பவுண்டிலிருந்து 500 பவுண்டாக உயர்த்தினார்கள். போடுகிறவருக்குப் பயம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் சில மன்றங்கள் இந்த வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டு, வசூலில் பங்கும் கொடுத்தன. எனக்கு உறுத்துவது அங்கேதான். அபராதம் வருமானமாக மாறும்போது, அந்த வருமானம் எங்கே போகிறது என்று கேட்க ஆள் வேண்டும்.

கேட்க ஆளில்லாத ஊரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சிறிய நகரம். சுமார் 36 ஆயிரம் பேர், பெரும்பாலும் உழைக்கும் ஏழைக் குடும்பங்கள். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஒரு செய்தி போட்டார்கள். நகர நிர்வாகி ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 8 லட்சம் டாலர். மற்ற சலுகைகளையும் சேர்த்தால் 15 லட்சம். பகுதிநேர வேலையான உறுப்பினர் பதவிக்கு நாலு பேர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில் போலீஸார் ஜனங்களின் வண்டிகளை இழுத்துக்கொண்டு போய், விடுவிக்க நூற்றுக்கணக்கான டாலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு லட்சம் எப்படி வந்தது? உறுப்பினர் சம்பளமாகக் காட்டினால் கண்ணில் படும். அதனால் பல வாரியங்களின் பெயரில் பிரித்துக்கொண்டார்கள். அதில் ஒன்றின் பெயரைக் கேளுங்கள்: திடக்கழிவு மற்றும் மறுசுழற்சி ஆணையம். குப்பை வாரியம்! அந்த வாரியம் சட்டப்படி அமைக்கப்படவே இல்லை, வேலை எதையும் செய்யவும் இல்லை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2013 மார்ச்சில் முன்னாள் உறுப்பினர்கள் ஐந்து பேரைக் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது, இந்தக் குப்பை வாரியத்திலிருந்து வாங்கிய பணத்துக்காகத்தான். ரிஸோவுக்கு 2014-இல் 12 ஆண்டு சிறை.

இதைப் படித்த அன்று அந்த அம்மாவின் நகம்தான் என் கண்முன் வந்தது. ஒருவர் நிஜக் குப்பையை நகத்தால் எடுக்கிறார். இன்னொரு ஊரில் இல்லாத குப்பை வாரியத்துக்கு மாதாமாதம் படி எழுதிக்கொள்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

பெல் மக்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பள வரம்பிலிருந்து உறுப்பினர்களுக்கு விலக்குக் கிடைக்கும்படி நகரத்தின் அமைப்பை மாற்றியது 2005-இல் நடந்த ஒரு வாக்கெடுப்பு. அதில் 400 பேர்கூட ஓட்டுப் போடவில்லை. செய்தி வந்தபிறகு மன்றத்தில் நிற்க இடமில்லாமல் திரண்டார்கள். 2011 மார்ச்சில் பழைய உறுப்பினர்களை ஓட்டாலேயே பதவியிலிருந்து இறக்கினார்கள். முன்னமே ஐம்பது பேர் போய் உட்கார்ந்திருந்தால்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். படியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 1911 வரை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. சொத்துள்ளவர்களால்தான் அங்கே நிம்மதியாக உட்கார முடிந்தது. தையல் வேலை பார்ப்பவரும் பஸ் ஓட்டுபவரும் கவுன்சிலராக வேண்டுமென்றால், அவர் இழக்கும் கூலியை ஈடுகட்டத்தான் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவைக்கூடக் கொடுக்கலாம். நான் கேட்பது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், எங்கே எழுதி வைக்கிறார்கள் என்பதைத்தான்.

இங்கிலாந்தில் 2003 விதிகளின்படி, ஒரு சுதந்திரக் குழு படிகளைப் பரிந்துரைக்க வேண்டும். மன்றம் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும், ஆனால் மாற்றவும் செய்யலாம். யார் எவ்வளவு வாங்கினார் என்று வருடாவருடம் வெளியிட வேண்டும். அப்புறம் இன்னொரு உரிமை, இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது: ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள், மன்றத்தின் கணக்கு, பில், ஒப்பந்தம், வவுச்சர் எல்லாவற்றையும் அங்கே வாழ்பவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம், நகலும் கேட்கலாம்.

இதெல்லாம் சும்மா வந்ததில்லை. 1835-க்கு முன்னால் அங்கே பல நகராட்சிகள் தங்களுக்குள்ளேயே ஆள் சேர்த்துக்கொண்ட மூடிய குழுக்கள். ஊர்ப்பணத்தில் விருந்து நடக்கும். அந்த வருஷம் சட்டம் மாறியது. லெஸ்டரில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த புதிய மன்றம், 1836-இல் பழைய மன்றத்தின் வெள்ளிப் பாத்திரங்களையும் செங்கோலையும் ஏலத்தில் விற்றுவிட்டது. கூட்டத்துக்குள் பொதுமக்களையும் விட வேண்டும் என்ற சட்டம் வர 1960 வரை ஆனது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது புது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர்.

சரி, நம் மன்றத்துக்கு வருவோம். நான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதில் இரண்டே கோரிக்கை. துரித உணவுக் குப்பையை அள்ள ஆண்டுக்கு ஆகும் செலவு, உறுப்பினர்கள், அதிகாரிகளின் படி, வாகனம், பயணம், விருந்துக்கு ஆகும் செலவு, இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சடிக்க வேண்டும். படித் திருத்தம் வரும்போது, ஒவ்வொரு உறுப்பினரும் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பெயரோடு பதிவாக வேண்டும்.

மனு வாசலில் உள்ள மேஜையில் இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். பார்வையாளர் வரிசையில் நாற்காலிகள் நிறையக் காலியாக இருக்கும். கூட வருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வணக்கம்.