வீட்டில் புத்தகத்தைத் தொடாத பிள்ளை

(குடியாத்தத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இந்த வெயிலில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"டியூஷன்ல படிக்கிறான் சார், வீட்ல புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான்." இதைத்தான் பலரும் சொல்கிறீர்கள். சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல பிள்ளைகளிடம் இருப்பது பயம். கணக்கைத் திறக்கிறான், முதல் வரியே புரியவில்லை, வயிற்றைக் கலக்குகிறது. புத்தகத்தை மூடியதும் கலக்கம் அடங்கிவிடுகிறது. அந்த நிம்மதிக்குப் பழகித்தான் மறுநாளும் தள்ளிப்போடுகிறான். அவனை மூன்று மணி நேரம் கட்டிப்போட்டால் பயம்தான் வளரும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய கட்டுரையில், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு வழிகளைச் சொன்னார். அவற்றில் வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அந்த வலு கிடையாது. (மைக்கைப் பிடித்துக்கொண்டு நானே இதைச் சொல்வது வேடிக்கைதான்.) அதனால் பயந்த பிள்ளைக்குப் போன வருஷத்துக் கணக்கில் சுலபமான இரண்டைக் கொடுங்கள். போட்டு முடிக்கட்டும், அப்புறம் இந்த வருஷப் பாடத்துக்கு வரலாம்.

இன்னொரு ரகம் இதற்கு நேர் எதிர். கைடை நாலு தடவை புரட்டிவிட்டு, "எல்லாம் தெரியும்மா" என்பான். பொய் சொல்லவில்லை, கண்ணுக்குப் பழகியதை மனசில் பதிந்ததாக நினைக்கிறான். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. இந்தப் பிள்ளையிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "தெரிஞ்சதை எழுதுப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். திட்டத் தேவையில்லை, தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

கூட ஆள் இருந்தால்தான் படிப்பு ஓடும் என்கிற பிள்ளைகளும் உண்டு. அதைக் குறையாக நான் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து படிக்கட்டுமே.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஒற்றை அறை வீடு, ஒரு மூலையில் பீடி சுற்றும் முறம், இன்னொரு பக்கம் டிவி. அங்கே எந்தக் குணமுள்ள பிள்ளையும் திணறத்தான் செய்யும். இரவில் ஒரு மணி நேரம் டிவியை அணைப்பது நம் கையில் இருக்கிறது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையில் கை தூக்கிய அம்மா, நீங்களே முதலில் கேளுங்கள்.