மக்காச்சோளப் புழுவுக்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

[காட்சி: உடுமலை பக்கம் ஒரு மக்காச்சோளக் காடு. சல்லடையாகிப்போன குருத்து.]

வணக்கமுங்க. உடுமலை, பல்லடம், பொள்ளாச்சி பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018-இல் வந்து குருத்தைக் குடைந்த படைப்புழு. வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருக்கும்.

இதே இனத்தின் சினைப்பைத் திசுவிலிருந்து 1970-களில் எடுத்த செல்களின் வழிவந்தவைதான், இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் வளரும் எஸ்எஃப்-9 செல்கள். மனித நொதிகளைச் செய்துகொடுப்பது அவற்றின் வேலை. அதில் ஒன்று பார்ப்-1.

[காட்சி: டிஎன்ஏ, ஓர் இழை அறுந்த நிலையில்.]

டிஎன்ஏ இழை அறுந்தால் உடனே போய் ஒட்டிக்கொள்ளும் நொதி இது. 1,014 அமினோ அமிலங்கள் கொண்டது. என்ஏடி என்ற மூலக்கூறை உடைத்து, அதன் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, பழுதுபார்க்கும் புரதங்களை வரவழைக்கும். நல்ல வேலைதான். ஆனால் டிஎன்ஏ பழுதுபார்க்க உதவும் பிஆர்சிஏ மரபணு கெட்டுப்போன புற்றுசெல்லுக்கு ஏற்கெனவே ஒரு பழுதுபார்க்கும் வழி போயிருக்கும். பார்ப்-ஐயும் அடைத்துவிட்டால் செத்துவிடும். 2005-இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. 2014 டிசம்பரில் பார்ப்-ஐ அடைக்கும் ஒலாபரிப் மருந்துக்கு, சினைப்பைப் புற்றுநோய்க்காக, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, புழு செல்லுக்குள் மனித நொதி எப்படி வரும்?

[காட்சி: செடி நுனியில் தலைகீழாகத் தொங்கும் புழு.]

காய்ப்புழுவுக்குச் சாயங்காலமாகப் பார்த்து என்.பி.வி. கரைசல் அடிப்பீர்களே, அந்த வைரஸ் குடும்பம்தான் வழி. அதைத் தின்ற புழு நுனிக்கு ஏறித் தொங்கிச் சாகும். தொட்டால் தோல் கிழிந்து நீராக வடியும். அதற்குள் வைரஸ் தன்னைப் பொதிந்துகொள்ளும் உறைப்புரதத்தை ஏராளமாகச் செய்து குவித்திருக்கும். வெயிலில் கிடக்கும் வைரஸுக்குத்தான் அந்த உறை வேண்டும், குடுவைக்குள் வேண்டாம். அதனால் உறைக்கான மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்து, அந்த வைரஸைப் பூச்சி செல்களில் தொற்றவிட்டார்கள். 1983-இல் டெக்சாஸில் இன்டர்ஃபெரான் என்ற மனிதப் புரதத்தை இப்படிச் செய்து காட்டினார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பூச்சிக்கொல்லியாகப் பார்த்த ஒன்று தொழிற்சாலையாகிவிட்டது!

பாக்டீரியாவிலும் செய்யலாம், செலவும் குறைவு. ஆனால் பெரிய மனிதப் புரதங்கள் பலவும் அதில் சரியாக மடங்காமல் கட்டிதட்டிவிடும். 27 டிகிரியில் வளரும் பூச்சி செல்லில் அந்தத் தொல்லை குறைவு.

அப்புறம் சுத்திகரிப்பு. புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறை முன்பே சேர்த்திருப்பார்கள். செல்லை உடைத்த கலங்கலை வெளிர்நீல நிக்கல் மணிகள் வழியே விட்டால், அந்த முனை நிக்கலில் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவிப் போகும். கிடைப்பதைச் சின்னக் குழாய்களில் மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பார்கள். மேலே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றிருக்கும். இது நோயாளிக்கு ஏற்றும் மருந்து இல்லைங்க. மருந்து அடைக்க வேண்டிய இலக்கே இதுதான்.

[காட்சி: 96 குழித் தட்டு.]

ஒவ்வொரு குழியிலும் நொதி, அறுந்த டிஎன்ஏ, என்ஏடி. கூடவே மருந்தாகுமா என்று சோதிக்கும் பொருளை வெவ்வேறு அளவில் சேர்த்து, சங்கிலி எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். பக்கத்திலேயே இதன் உறவு நொதியான பார்ப்-2 தட்டு ஒன்றும் ஓடும். ஏனென்றால் இப்போதைய மருந்துகள் இரண்டையும் சேர்த்தே அடைக்கின்றன. ரத்த அணுக்கள் குறைவதற்கு பார்ப்-2 அடைபடுவதும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். பார்ப்-1-ஐ மட்டும் பிடிக்கும் பொருளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.