துரு முதலில், என்ஜின் அப்புறம்

நேயர்களுக்கு வணக்கம். நம் மாவட்டத்தில் பழைய கார் என்றால் அம்பாசிடரும் ஃபியட்டும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நான் இன்றைக்குப் பேசப்போவது அவற்றைவிடச் சின்னது, கூரையை மடக்கிவிடலாம், இரண்டே பேர் உட்காரலாம். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், 1965-இல் செய்தது. கீழக்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கொட்டகையில் பல வருடம் கிடந்து, இப்போது என் பட்டறைக்கு வந்திருக்கிறது. பெயிண்ட், சீட், கண்ணாடி, மீட்டர் எல்லாம் கம்பெனியில் பூட்டியது பூட்டியபடி. வாங்கிய தம்பி வண்டியை இறக்கியதும் கேட்டது, "அண்ணே, என்ஜின் ஓடுமா?"

ஓடும். அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஸ்பிட்ஃபயர் 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதே கம்பெனியின் ஹெரால்டு காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, அதன்மேல் புது பாடி ஏற்றினார்கள். இரண்டு பாடியையும் வரைந்தவர் ஒருவரே, ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அந்த ஹெரால்டைத்தான் 1960-களில் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது. பானெட் மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழுமே, அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். அதில் 948 சிசி என்ஜின், இதில் 1147 சிசி. ஆனால் ஒரே குடும்பம். ஹெரால்டைப் பிரித்து மாட்டிய பழைய மெக்கானிக் யாருக்கும் இந்த என்ஜின் புதிதாக இருக்காது. போரிங், ரிங், வால்வு வேலையெல்லாம் நல்ல லேத் பட்டறை இருந்தால் முடிந்துவிடும்.

பாடிதான் பெரிய கேள்வி. அதுவும் நம் கடற்கரையில்.

இரும்பு துருப்பிடிக்க ஈரம் வேண்டும். உப்பு அந்த ஈரத்தைக் காற்றில் இருந்தே இழுத்துக்கொடுக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்று உப்பு தானாகவே கசிந்து நீராகும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னாலேயே நனைந்துவிடும். ஆக, மழையே பெய்யாத மாதத்திலும் இங்கே ராத்திரியில் தகரம் நனைந்துதான் கிடக்கிறது. கச்சான் காற்று ஓங்கி அடிக்கும் மாதங்களில் மண்டபம், பாம்பன் பக்கம் கைப்பிடிக் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தாலே கரிக்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் போட்டு வைத்து ஆராய்கிறது. சும்மாவா இந்த இடத்தைப் பிடித்தார்கள்? 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கும் கடற்காற்றுக்காகத் தனி வகைப் பூச்சு பூசினார்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கார்த் தகரம் எம்மாத்திரம்!

கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள், பத்திரமாக இருக்கும் என்று சொல்வார்கள். வெயில் படாததால் சீட்டும் டேஷ்போர்டும் தப்பித்தது உண்மை. ஆனால் தார்ப்பாய்க்குள் புகுந்த ஈரம் வெளியே போக வழியில்லை. மண் தரையில் நிறுத்தியிருந்தால் அடிப்பாகம் இன்னும் மோசம். மூடியே ஆகவேண்டும் என்றால் பருத்தித் துணி போதும்.

ஸ்பிட்ஃபயரில் முதலில் பார்க்கவேண்டிய இடம் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தில் இருந்து பின்சக்கரம் வரை ஓடும் தகரப் பெட்டி. சில் என்பார்கள். ஹெரால்டுக்கு சேஸிஸ் இரண்டு ஓரமும் சுற்றி வரும். ஸ்பிட்ஃபயரில் ஓரச் சட்டத்தை எடுத்துவிட்டு நடு முதுகெலும்பை மட்டும் வைத்தார்கள். அந்த ஓரச் சுமையைத் தாங்குவது இந்த சில்தான். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பியின் முன்முனையும் சேஸிஸில் இல்லை, பாடித் தரையில்தான் பூட்டியிருக்கிறது. அதனால் இங்கே துரு என்றால் அழகு கெட்டது என்று விட்டுவிட முடியாது, வண்டியின் பலமே போகிறது.

எப்படிப் பார்ப்பது? ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி சில் நெடுக நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசி மூடியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீர் என்று கேட்கும், செத்த தகரம் மொத்து மொத்தென்று கேட்கும். அப்புறம் கதவு இடுக்கைப் பாருங்கள். சேஸிஸில் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கும்போது அந்த இடுக்கு மேலே குறுகினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ, சில் ஓய்ந்துவிட்டது. புதுப் பெயிண்ட் பளபளக்கும் வண்டியில் இதெல்லாம் மறைந்திருக்கும். இந்த வண்டியில் மறைக்க யாரும் எதுவும் செய்யவில்லை. இடது சில்லின் பின்கோடியில் கையகலம் ஓட்டை, கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. எனக்கு அது சந்தோஷம்தான்.

தம்பிக்கு வண்டியை முழுக்கச் சுரண்டி, சிவப்பு அடித்து, ராமேஸ்வரம் பாலத்தில் ஓட்டவேண்டும் என்று ஆசை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் வைத்த குழிகள், ஓரத்தில் பூசிய சீலர், மின்சாரம் தரும் லூக்காஸ் டைனமோவின் மேல் அடித்திருக்கும் மாதமும் வருடமும், எல்லாம் சேர்ந்துதான் இந்த வண்டியை யாரும் மாற்றவில்லை என்று சாட்சி சொல்கின்றன. சுரண்டினால் சாட்சி போச்சு. இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டியிருக்கவேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே இருக்கவேண்டும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு வி ஏ என்று வரும். அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம், தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் முடியாது.

சரி, என்ன செய்தோம்? வெல்டிங் வைக்குமுன் பேட்டரியைக் கழற்றி, டேங்கை வெளியே எடுத்தோம். செத்த தகரத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் ஒட்டுத் தகரம் வைத்தோம். வெட்டிய துண்டையும் பழைய போல்ட்டுகளையும் சாக்கில் கட்டி, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வண்டிக்காரரிடமே கொடுத்துவிட்டோம். சில்லின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மண்ணால் அடைத்திருந்தன, குத்தித் திறந்தோம். உள்ளே மெழுகு கலந்த துருத் தடுப்பு அடித்தோம். பஸ்ஸுக்கு அடிப்பதுபோல வேஸ்ட் ஆயில் அடிக்கச் சொல்வார்கள். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிக் கெடும், அடுத்த தடவை அங்கே வெல்டிங்கும் வைக்க முடியாது.

பட்டறைக்கு வந்த மண்டபத்து விசைப்படகு டிரைவர் ஒருவர், "படகு அடியில் துத்தநாகக் கட்டி பூட்டுகிற மாதிரி இதற்கும் பூட்டினால் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. படகில் துத்தநாகமும் இரும்பும் ஒரே கடல்நீரில் நனைந்து கிடக்கின்றன, அதனால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. கார் நிற்பது காற்றில். இரண்டையும் இணைக்கத் தண்ணீர் இல்லையென்றால் கட்டி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

என்ஜினை எழுப்புவது பொறுமையான வேலை. பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் மெல்லிய ஆயில் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்கவேண்டும். இந்த என்ஜினுக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவரை கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால், கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் விழும், கிராங்க் பிளாக்கையே தின்றுவிடும். வாஷரின் விலை சொற்பம்.

முன்சக்கரத்தில் இன்னொன்று. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை, திருகு மரையோடு ஒரு வெண்கலக் கட்டிக்குள் சுழலும். ட்ரன்னியன் என்று பெயர். இதற்குத் தடித்த கியர் ஆயில், 90-ஆம் நம்பர், விடவேண்டும். நம் பட்டறைப் பழக்கம் கண்ட இடத்தில் எல்லாம் கிரீஸ் அடிப்பது. கிரீஸ் இறுகி வழி அடைத்துக்கொள்ளும், உப்புத் தண்ணீர் மரையில் தங்கும், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பிரேக், டயர், பெட்ரோல் ஹோஸ் மூன்றிலும் ஒரிஜினல் என்ற பேச்சே கிடையாது. ரப்பர் முழுக்கப் புதிது போடவேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ஹோஸ் தாங்காது. 1965 ஸ்பிட்ஃபயரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். வழக்கம்போல நெகட்டிவை எர்த் கொடுத்துவிடாதீர்கள். ரேடியேட்டரில் நம்மூர் போர் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள்.

தம்பி பதிவு வேலையை ஆரம்பித்திருக்கிறார். அது முடிந்து ஏதாவது பேரணியில் தனுஷ்கோடிப் பக்கம் போனால், அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடல். திரும்பி வந்த அன்றைக்கே சக்கர வளைவுகளையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, கதவுகளைத் திறந்துபோட்டு நிழலில் காயவிடவேண்டும். பிரேக்கும் காயவேண்டும் அல்லவா, அதனால் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.